புழக்கடையில் கோடாலி எறியலாமா?

வாசகர் காட்பாடிப் பக்கத்துக்காரர். வயது 33. பெங்களூரில் மென்பொருள் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறவர். ஆபீஸ் நண்பர்களோடு ஒருமுறை காசு கட்டிக் கோடாலி எறியும் விளையாட்டை விளையாடியிருக்கிறார். பிடித்துப்போய்விட்டது. சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்ற, 3 கோடாலி கொண்ட செட் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, அதற்கப்புறம் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

வீடு அம்மா பெயரில் இருக்கிறது. புழக்கடையில் 35 அடி நீளம், 18 அடி அகலத்துக்குக் காலி இடம். பின்பக்கம் 5 அடி உயரக் காம்பவுண்டு சுவர், அதை ஒட்டி ஒரு வேப்ப மரம், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமுள்ள சந்து. மேற்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. கிழக்குக் கோடியில் பழைய மாட்டுக்கொட்டகை, இப்போது தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை. இதையெல்லாம் பென்சிலால் வரைபடமாகவே போட்டு அனுப்பியிருக்கிறார். காணும் பொங்கலுக்குச் சித்தப்பா, அத்தை பிள்ளைகள் கூடும்போது விளையாட வேண்டும் என்பது ஆசை. அக்காவின் பிள்ளைகள் 2 பேர், 12 வயதும் 9 வயதும், அவர்களும் வருவார்கள். அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. விஷயம் காதில் விழுந்த பக்கத்து வீட்டு ஆசிரியர், "போலீசில் மனு கொடுப்பேன்" என்றாராம்.

அவருடைய கேள்விகள் இவை. கோடாலிக்கு உரிமம் வேண்டுமா? என் காம்பவுண்டுக்குள் நான் விளையாடினால் யார் கேட்க முடியும்? வருகிறவர்களிடம் 'என் சொந்தப் பொறுப்பில் விளையாடுகிறேன்' என்று எழுதி வாங்கிவிட்டால் போதாதா? பாதுகாப்புக்காக முனையை மழுங்கடித்துவிட்டு, வேப்ப மரத்தையே இலக்காக வைத்துக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளிடம் தலைக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டால் செட் வாங்கிய காசு திரும்புமா?

அன்புள்ள தம்பிக்கு,

விளையாடலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீல் என்றாலே வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்ற நினைப்போடு நீங்கள் படிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த செட் சரியில்லை, எறியத் தீர்மானித்த திசை சரியில்லை, காகிதத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை சுத்தமாகச் சரியில்லை. இந்த மூன்றையும் மாற்றினால் அம்மாவும் ஆசிரியரும் சொல்வதில் பாதி தானாக அடங்கிவிடும். மீதிப் பாதி நியாயமானது, அதை அடக்க வேண்டியதில்லை.

கோடாலித் தலை கழன்று பறந்தால்

சட்டப் புத்தகத்தில் கோடாலி எங்கே வரும் என்று நீங்கள் தேடியிருக்க மாட்டீர்கள். 1860-ம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-ம் பிரிவில் வந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விஷயம் 18-ம் பிரிவாக இருக்கிறது. சட்டப்படியான ஒரு காரியத்தை, சட்டப்படியான முறையில், தக்க கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யும்போது, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல் விபத்தாக நடப்பது குற்றமாகாது என்கிறது அது. அதற்குச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: ஒருவர் கோடாலி வைத்து வேலை செய்துகொண்டிருக்கிறார், தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவர் மேல் பட்டு அவர் இறந்துபோகிறார். வேலை செய்தவரிடம் தக்க எச்சரிக்கையில் குறைவு இல்லையென்றால் அவர் குற்றவாளி இல்லை.

அந்த 'தக்க எச்சரிக்கை' என்ற இடத்தில்தான் வழக்கு முழுக்க நிற்கும். காம்பு ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தும் எறிந்தீர்களா? ஆள் நடமாடும் பக்கம் பார்த்து எறிந்தீர்களா? குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்தீர்களா? இதற்கெல்லாம் பதில் சரியாக இருந்தால் 18-ம் பிரிவு உங்கள் பக்கம். இல்லையென்றால் 125-ம் பிரிவு எதிரில் வந்து உட்காரும். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்தால், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். காயம் பட்டால் 6 மாதம், 5,000 ரூபாய் வரை போகும். கொடுங்காயம் என்றால் 3 வருடம், 10,000 ரூபாய் வரை. எலும்பு முறிவதும் பல் உடைவதும்கூடச் சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான், கோடாலியின் வெட்டுமுனை படத் தேவையில்லை. பலகையில் பட்டுத் திரும்பி வரும் காம்பு வாயில் அடித்தாலே போதும். உயிர் போனால் 106-ம் பிரிவு, 5 வருடம் வரை.

ஆகவே 'என் காம்பவுண்டுக்குள்' என்ற வாதம் நிற்காது. கோடாலி சுவரைத் தாண்டுமா என்பது ஒரு பக்கம். தாண்டாமலே போனாலும், உள்ளே நிற்கிற உங்கள் அத்தை பிள்ளையும் 'பிறர்'தான்.

உரிமம் வேண்டுமா?

விறகு பிளக்கிற, மரம் கழிக்கிற சாதாரணக் கோடாலிக்கு உரிமம் தேவையில்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும்போதே, வீட்டு உபயோகத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் மட்டும் செய்யப்பட்ட பொருள்களை விட்டுவிடுகிறது. சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2016-ம் வருட ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி இவற்றோடு போர்க்கோடாலியும் பெயர் சொல்லி வருகிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட அந்த மாதிரி ஆயுதங்களும் அதில் அடக்கம். அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் எல்லா ஊரிலும் உரிமம் கட்டாயம் என்று ஆகிவிடாது. 4-ம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளுக்குத்தான் அது பொருந்தும். ஆனாலும் உங்கள் பையைத் திறந்து பார்க்கிற காவலர் அறிவிக்கையைப் புரட்டிக்கொண்டு நிற்க மாட்டார். பொருளைப் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது முழுக்கக் கறுப்பு நிற இரும்பு. பின்பக்கம் கூர்முனை. பிடியில் கயிறு சுற்றியிருக்கிறது, இடுப்பில் மாட்டிக்கொள்ள உறை வேறு. அதை விறகுக் கோடாலி என்று நானே கோர்ட்டில் சொன்னால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். மரக்காம்பு போட்ட சின்னக் கைக்கோடாலி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எதுவானாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வெளியே கொண்டுபோகும்போது முனைக்கு உறை போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பைக்கில் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சித்தூர் ரோட்டில் போவதெல்லாம் வேண்டாம்.

எந்தச் செட்?

இது சட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி மாதிரி தெரியும். எச்சரிக்கையோடு நடந்தீர்களா என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தையில் 3 வகை இருக்கிறது. முதலாவது பிளாஸ்டிக் கோடாலியும் முள்முள்ளான பிரஷ் மாதிரி இலக்குப் பலகையும் கொண்ட பொம்மைச் செட். இரண்டாவது நீங்கள் ஆர்டர் போட்டது, ஒரே துண்டு இரும்பில் வெட்டியெடுத்த குட்டிக் கோடாலிகள். மூன்றாவது இரும்புத் தலையும் மரக்காம்பும் உள்ள கைக்கோடாலி. கனடாவின் டொரொன்டோவில் 2006-ல் ஒரு புழக்கடையில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிப் பின்னால் போட்டி விளையாட்டாகவே வளர்ந்தது இந்த மூன்றாவது வகையை வைத்துத்தான். தலை மட்டும் 600 முதல் 800 கிராம், காம்போடு சேர்த்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், வெட்டுமுனை 4 அங்குலத்துக்குள். உங்களுக்கும் அதுதான் சரி.

இரண்டாவது வகையை நான் வேண்டாம் என்பதற்குப் போலீஸ் மட்டும் காரணமில்லை. கோடாலி பலகையில் சரியாகக் குத்தாமல் திரும்பி வருவது இந்த விளையாட்டில் சகஜம், பழகியவர்களுக்கும் நடக்கும். அப்படிச் சுழன்று திரும்பும்போது பின்பக்கத்திலும் ஒரு கூர்முனை இருந்தால் எந்தப் பக்கம் பட்டாலும் குத்தும். சுற்றியிருக்கும் கயிறு விரலில் சிக்கினால் கோடாலி கையை விட்டு நேரத்துக்கு விலகாது. அரை விநாடி தாமதமாக விலகினால் உங்கள் காலடியிலேயே இறங்கும்.

வீட்டிலிருக்கும் விறகுக் கோடாலியும் வேண்டாம். அது கனம் அதிகம், காம்பும் நீளம். நாலு முறை எறிந்தாலே தோள் பிடித்துக்கொள்ளும். களைத்த கைதான் கோணலாக எறியும்.

முனையை மழுங்கடிப்பது பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு. மழுங்கிய கோடாலி மரத்தில் ஏறாது, அடித்துத் திரும்பும். அதற்காகச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துச் சவரக்கத்தி மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அதுவும் தேவையில்லை. அரத்தால் பிசிறு போக ராவி, மரத்தில் இறங்கும் அளவுக்கு முனை இருந்தால் போதும்.

அடுத்தது காம்பு. நம் வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், தலையின் துளைக்குள் காம்பு தளரும். ஒவ்வொரு முறையும் எறியத் தொடங்கும் முன் தலையைக் கீழே தொங்கவிட்டுக் காம்பை இரண்டு கையாலும் பிடித்து உதறிப் பாருங்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அன்றைக்கு அந்தக் கோடாலி வேண்டாம். காம்பும் தலையும் சேருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது, தலை நூலளவு நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும். ஊரில் சிலர் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவார்கள். ஊறிய மரம் அப்போதைக்கு உப்பும், மறுபடி காய்ந்தால் முன்னைவிட அதிகமாகத் தளரும். பட்டறையில் கொடுத்து ஆப்பு அடித்து வாங்குங்கள், அவ்வப்போது காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். 18-ம் பிரிவின் உதாரணத்தில் தலை ஏன் கழன்றது என்று யாராவது கேட்டால், பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

செட்டோடு வரும் 2 அடி வட்டப் பலகை பழகுபவருக்குப் போதாது. எறிவதில் பாதி வெளியே போகும். மரவாடியில் 2 அங்குலக் கனத்தில் மென்மையான மரப் பலகைகள் வாங்கி, 4 அடிக்கு 4 அடி வரும்படி பக்கம் பக்கமாக நிறுத்தி, பின்னால் தடித்த பிளைவுட் கொடுத்து முடுக்குங்கள். மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் முனை நாரோடு நாராக இறங்கும். பைன், சில்வர் ஓக், அல்லது தீக்குச்சிக்கு அறுக்கும் பெருமரம் சரிப்படும். குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் தெரிந்தவர் இருந்தால் பெருமரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய பைன் பெட்டிப் பலகை விற்பவர்களிடமும் பார்க்கலாம், ஆணியெல்லாம் பிடுங்கியிருக்க வேண்டும். தேக்கு, வேங்கை, கருவேலம் எல்லாம் அடித்த கோடாலியைத் திருப்பி அனுப்பிவிடும். நடுப்பகுதியில் திருகாணி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை காய்ந்து இறுகினால் எறியும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சிராய் பெயர்ந்து குழி விழுந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

வேப்ப மரத்தை விட்டுவிடுங்கள். உருண்டையான, கெட்டியான அடிமரத்தில் பட்ட கோடாலி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் கோபத்தில் ஒரு பங்கு அந்த மரத்துக்காகத்தான் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது.

வரைபடத்தைத் திருப்பிப் போடுங்கள்

நீங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து எறிவதாக அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில் இருக்கும். உங்கள் சுவரும் 5 அடி. இலக்குக்குக் கொஞ்சம் மேலே போனாலே கோடாலி சந்தில் விழும். கடிதம் முழுக்க இந்த ஓர் அம்புக்குறிதான் எனக்குக் கவலை தந்தது. சந்தில் போகிறவர் உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை.

அதை நீளவாக்கில், கிழக்கு நோக்கித் திருப்புங்கள். மாட்டுக்கொட்டகைச் சுவர் 9 அடி உயரம், ஜன்னல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலக்குச் சட்டத்தை அதன் முன்னால் நிறுத்துங்கள். சும்மா சாய்த்து வைக்கக் கூடாது, கால்களைத் தரையில் நட்டு இறுக்குங்கள். கோடாலியைப் பிடுங்கும்போது மொத்தச் சட்டமும் மேலே விழுந்து அடிபடுவதும் உண்டு. இலக்குக்கு இரண்டு பக்கமும் மேலேயும் வெறும் சுவர் தெரியாதபடி பலகையோ கனத்த தென்னைநார்ப் பாயோ தொங்கவிடுங்கள். செங்கல்லில் பட்ட இரும்பு துள்ளும், தளர்வாகத் தொங்கும் பாயில் பட்டது கீழே விழும். இலக்குக்கு முன்னால் சிமென்ட் தரை இருந்தால் அதன்மேல் ஆற்றுமணலோ மண்ணோ பரப்புங்கள். கொட்டகை அறையைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கிலிருந்து 12 அடியில் எறியும் கோடு. தள்ளி நின்று எறிந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைப்பார்கள். கோடாலி கையை விட்டுப் போய் ஒரு முழுச் சுற்று சுற்றி முனை முன்னால் வருவதற்கு ஏற்ற தூரம் 12 அடிதான். உயரத்துக்கும் கை வீச்சுக்கும் ஏற்ப அரை அடி, ஓரடி முன்பின் ஆகும். 18, 20 அடிக்குப் போனால் சுற்று கணக்கு மாறும், விசை கூடும், காம்பு முன்னால் போய் அடித்துத் திரும்பும் எறிகள்தான் அதிகமாகும். எறிபவருக்குப் பின்னால் இன்னும் 8 அடி விட்டு இரண்டாவது கோடு போடுங்கள். மற்ற எல்லோரும் அதற்குப் பின்னால்தான், எறிபவரின் பக்கவாட்டில் யாரும் கிடையாது. உங்கள் 35 அடியில் இது தாராளமாக அடங்கும். சாயங்காலம் எறிந்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. இருட்டியதும் நிறுத்திவிட வேண்டும். டியூப் லைட் போட்டுத் தொடர்வதெல்லாம் வேண்டாம்.

எறியும் நேரத்தில்

ஒரே ஒருவர் 'எறி' என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் கோடாலி கையிலேயே எழும்பக் கூடாது. அந்த ஆள் அன்றைக்கு எறியவும் கூடாது. உங்கள் வீட்டில் அதற்கு அம்மாவைவிடப் பொருத்தமானவர் இருக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

புதியவர்கள் இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலிருந்து நேராக எறியட்டும். பலத்தைக் காட்டுகிற விளையாட்டு இல்லை இது, மெதுவாக நேராக விட்டால்தான் குத்தும். உள்ளங்கை வியர்த்தால் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். கோடாலி குத்தினாலும் விழுந்தாலும், எறிந்தவர் கையில் வேறு கோடாலி இல்லை என்று பார்த்த பிறகே யாராவது கோட்டைத் தாண்டலாம். குத்தியதை முகத்துக்கு நேரே வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, காம்பை மேலும் கீழுமாக அசைத்தால் தளர்ந்து வந்துவிடும். அடுத்தவருக்குக் கையில் கொடுக்காதீர்கள், ஒரு கட்டையின் மேல் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

கால் மூடிய ஷூ கட்டாயம். நம் ஊரில் செருப்போ வெறுங்காலோதான் வழக்கம், திரும்பி வரும் கோடாலி தேடுவது அந்தக் காலைத்தான். லுங்கி, தொங்கும் துப்பட்டா, புடவைத் தலைப்பு எதுவும் அந்தக் கோட்டுக்குள் வரக் கூடாது. குடித்தவர் எறியக் கூடாது. காணும் பொங்கல் அன்று கறிச்சோறு முடிந்து பங்காளிகள் எல்லாம் கூடியிருக்கும்போது இதை யார் சொல்வது என்று யோசிப்பீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவர் குடித்திருந்தாலும் பெட்டி திறக்காது என்று.

12 வயதுப் பிள்ளைக்கும் 9 வயதுப் பிள்ளைக்கும் பிளாஸ்டிக் செட் வாங்கிக் கொடுங்கள். அதை முன்வாசலில் விளையாடட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் பொம்மையில் கற்ற கைவீச்சை உண்மையான கோடாலியில் போட்டுப் பார்க்கப் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். நிஜக் கோடாலிகள் பூட்டிய டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும், நீங்கள் பெங்களூரில் இருக்கும் 5 நாளும்கூட.

ஏதாவது நடந்துவிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். ஆழமான வெட்டுக்கு டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவர் கேட்பார். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, அதன் நகல் (ஏ.ஆர். காப்பி) காவல் நிலையத்துக்குப் போகும். இந்த இடத்தில் பயந்துபோய் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காயத்தைப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரியும். விபத்தாக முடிந்திருக்க வேண்டியது, அந்தப் பொய்யால் சந்தேகத்துக்குரியதாக மாறிவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

எழுதி வாங்கும் காகிதமும் 100 ரூபாயும்

'சொந்தப் பொறுப்பில்' என்று எழுதி வாங்குவதில் தப்பில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்குங்கள். நியாய சன்ஹிதாவின் 25-ம் பிரிவு, 18 வயது தாண்டியவர் சம்மதித்து ஒரு விளையாட்டில் இறங்கினால் அதில் படும் அடிக்குச் சில நேரங்களில் பாதுகாப்புத் தருகிறது. இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாட்பயிற்சி செய்வதைத்தான் அங்கே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வழிசெய்யும் என்று தெரிந்தே செய்ததற்கு அது பொருந்தாது. 18 வயது ஆகாதவருக்குப் பொருந்தாது. உங்கள் அசட்டைக்கும் அது குடை பிடிக்காது, நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதையும் தடுக்காது. வீடு அம்மா பெயரில் இருப்பதால் அந்த வழக்கில் அவரையும் ஒரு எதிர்வாதியாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். அதனால் காகிதத்தைவிட, விதிகளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுவதும், இலக்கும் கோடுகளும் தெரியும்படி இரண்டு போட்டோ எடுத்து வைப்பதும் உங்களுக்கு உதவும். எழுதியதைக் கடைப்பிடிக்கவும் வேண்டும், ஒட்டிவிட்டு மீறினால் அதே காகிதம் உங்களுக்கு எதிரான சாட்சி.

100 ரூபாய் யோசனையைக் கைவிடுங்கள். காசு வாங்கிய நிமிஷத்தில் நீங்கள் சேவை தருபவர், வந்த மாணவர் நுகர்வோர். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வரும். காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இருப்பதால் வீட்டில் தொழில் நடத்துவதற்கு மாநகராட்சி அனுமதியும் கேட்பார்கள். வருகிறவர்கள் உங்களுக்குத் தெரியாத பிள்ளைகள், நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அசதியில் இருப்பீர்கள். 3 கோடாலியின் விலைக்காக இவ்வளவு தேவையா?

பக்கத்து வீட்டு ஆசிரியர்

அவர் மனு கொடுக்கலாம். காவல் நிலையத்தில் மனுவைப் பதிந்து சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்து உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அல்லது அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்கலாம். தன் வீட்டில் நிம்மதியாக இருக்கும் உரிமை அவருக்கும் உண்டு. உங்கள் பழைய அம்புக்குறியைப் பார்த்தால் எந்த நீதிமன்றமும் அவர் பயத்தைப் பொய் என்று தள்ளாது. திசையை மாற்றிய பிறகு அவர் வீடு எறிபவரின் முதுகுப் பக்கம் வந்துவிடுகிறது. மாற்றிய வரைபடத்தோடு ஒருநாள் காலையில் போய், "சார், இப்படி வைக்கலாம் என்றிருக்கிறேன், வந்து பாருங்கள்" என்று கூப்பிடுங்கள். மாடியில் அவருடைய பேத்தி படிக்கிற நேரம் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் கோடாலி குத்தும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும், அவர் சொன்னதில் அதுவும் ஒரு குறைதான்.

ஆர்டர் போட்ட செட் அடுத்த வாரம் வரும் என்றிருக்கிறீர்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள். வந்துவிட்டால் உறையைப் பிரிக்காமல், திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து அதற்குள் அனுப்புங்கள். மனம் மாறியதற்காகத் திருப்புவது விற்பவரின் நிபந்தனையைப் பொறுத்தது. பொருள் விளம்பரத்தில் காட்டியபடி இல்லாவிட்டாலோ பழுதாக இருந்தாலோ, திருப்பி எடுக்க அவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் வருட மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம், ஆர்டர் எண்ணும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.